நான்காம் கிறிஸ்டியன்: போரில் தோற்ற மன்னரை டென்மார்க் ஏன் இவ்வளவு போற்றுகிறது?

அலைவாய்க்கரையான் (கேள்வி):

சென்ற மாதம் குடும்பத்துடன் தரங்கம்பாடிக்குச் சென்றிருந்தபோது, டேன்ஸ்போர்க் கோட்டையின் நிழலில் நெடுநேரம் அமர்ந்திருந்தேன். அந்தக் கோட்டை எழுந்த காலத்தில் டென்மார்க்கை ஆண்டவர் நான்காம் கிறிஸ்டியன் என்பது மட்டுமே அப்போது எனக்குத் தெரியும். வீடு திரும்பியபின் அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துப் பார்த்தேன். தெளிவு பிறப்பதற்குப் பதிலாகக் குழப்பமே மிஞ்சியது.

1588ஆம் ஆண்டு, பதினோரு வயதுகூட நிறையாத நிலையில் அரசுரிமை பெற்று, 1648இல் இறக்கும்வரை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அரியணையில் இருந்தவர் அவர். டென்மார்க்கின் வரலாற்றில் அத்தனை நீண்ட காலம் ஆண்டவர் வேறெவரும் இல்லை என்கிறார்கள். அவர் நடத்திய பெரும் போர்கள் மூன்று. அவற்றுள் முதலாவதில் மட்டுமே வெற்றி. மூன்றாவது போரின் முடிவில் நாட்டின் நிலப்பகுதிகளையே சுவீடனிடம் இழந்தார். இறக்கும்போது அவருடைய மணிமுடி அடகில் இருந்தது என்றும் படித்தேன். ஆயினும், இன்று டென்மார்க் அரச குடும்பத்துக்குரிய வாழ்த்துப்பாடல் இவர் போர்க்கப்பலின் பாய்மரத்தருகே நின்ற காட்சியோடுதான் தொடங்குகிறது. கோப்பன்ஹேகனில் காணத்தக்க பழைய கட்டடங்கள் பல இவர் பெயரைச் சொல்கின்றன.

என் ஐயங்கள் இரண்டு. இத்தனை தோல்விகளுக்குப் பிறகும் இவருக்கு இந்தப் புகழ் எப்படி வந்தது? சிறிய நாடொன்றின் மன்னருக்கு நகரங்களைக் கட்டவும், படை திரட்டவும், இந்தியாவுக்குக் கப்பல் அனுப்பவும் போதுமான பணம் எங்கிருந்து வந்தது? கிறித்தவ மறைப்பணியாளர் சீகன்பால்குவைத் தரங்கம்பாடிக்கு அனுப்பியவரும் இவர்தானா என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் நன்று.

ஏடுபுரட்டி:

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவை அனுப்பியவர் நான்காம் பிரெடெரிக். அவர் நூறாண்டுக்குப் பிற்பட்டவர். டென்மார்க்கின் அரியணையில் பதினாறாம் நூற்றாண்டிலிருந்து கிறிஸ்டியன், பிரெடெரிக் என்னும் இரு பெயர்களே மாறி மாறி வந்ததால், எண்ணை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் இந்த இருவரையும் குழப்பிக்கொள்வது வழக்கம்.

உங்களுடைய இரண்டு ஐயங்களுக்கும் வேர் ஒன்றே என்று நான் கருதுகிறேன். அது அவருடைய பணப்பெட்டி. அந்தப் பெட்டி நிரம்பிய இடம் ஓரெசுண்டு நீரிணை. பால்டிக் கடலிலிருந்து வெளியே வரும் தானியம், மரம், தார், சணல் ஆகியவற்றை ஏற்றிய கப்பல்களில் பெரும்பாலானவை அந்தக் குறுகிய நீர்வழியைக் கடந்தாக வேண்டும். ஹெல்சிங்கோர் அருகே அதன் அகலம் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர்தான். இன்று எதிர்க்கரை சுவீடனுக்கு உரியது. அன்று இரு கரைகளும் டென்மார்க்கின் கையில் இருந்தன. மேற்குக் கரையில், ஹாம்லெட் நாடகத்தின் களமாக நாம் அறிந்த குரோன்போர்க் கோட்டை, பீரங்கிகளோடு நின்றது. எனவே பதினைந்தாம் நூற்றாண்டு முதல் 1857வரை அவ்வழியே சென்ற கப்பல்கள் நின்று சுங்கம் செலுத்திவிட்டே சென்றன. சரக்கின் மதிப்பைக் கப்பல் தலைவரே சொல்ல வேண்டும். ஆனால் அவர் சொன்ன விலைக்கே அந்தச் சரக்கை வாங்கிக்கொள்ளும் உரிமை மன்னருக்கு உண்டு. குறைத்துச் சொன்னால் சரக்கு போகும், கூட்டிச் சொன்னால் சுங்கம் கூடும் என்பதால், சோதனையாளர் பெரிதாகத் துருவ வேண்டிய தேவையே எழவில்லை. நம் ஊரில் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று ஒருவரைக் கொண்டாடினோம். இவரோ சுங்கத்தால் வாழ்ந்த மன்னர்.

இந்தச் சுங்கத்தின் உண்மையான ஆற்றல், அது யாருடைய கைக்குப் போனது என்பதில் இருக்கிறது. அக்காலத்து டென்மார்க் மன்னர் வரம்பற்ற அதிகாரம் உடையவர் அல்லர். உயர்குடியினர் அடங்கிய அரசவை அவரைத் தேர்ந்தெடுத்தது. அரியணை ஏறும்போது அந்த அவை விதிக்கும் நிபந்தனைகளில் அவர் கையொப்பமிட வேண்டும். வரி விதிக்கவும் போர் தொடுக்கவும் அதன் இசைவு வேண்டும். கிறிஸ்டியன் சிறுவராக இருந்தவரையில் அரசவையைச் சேர்ந்த நால்வரே ஆட்சியை நடத்தினர். 1596இல்தான் அவர் முடிசூடினார். ஆனால் ஓரெசுண்டுச் சுங்கம் அரசவையின் கணக்குக்குள் வராமல் மன்னரின் சொந்தக் கருவூலத்துக்குச் சென்றது. அவையினர் ‘கூடாது’ என்று சொன்னாலும், தம் பணத்தில் தாமே செய்துகொள்ளும் வசதி அவருக்கு இருந்தது.

அவருடைய வெற்றி, தோல்வி இரண்டையும் இந்த ஒரு வசதியோடு சேர்த்தே பார்க்க வேண்டும். 1611முதல் 1613வரை சுவீடனோடு நடந்த கல்மார் போரில், சுவீடனுக்கு மேற்குக் கடலை அடைய இருந்த ஒரே வாயிலான எல்வ்ஸ்போர்க் கோட்டையை அவர் பிடித்தார். அதைத் திருப்பித் தர, பத்து லட்சம் வெள்ளி ரிக்ஸ்டாலர் மீட்புப் பணம் கேட்டார். சுவீடனால் கட்ட முடியாது என்றே பலரும் எண்ணினர். ஆனால் அந்த நாடு வாயையும் வயிற்றையும் கட்டி 1619க்குள் முழுவதையும் செலுத்திவிட்டது. அதன்பின் ஐரோப்பாவின் மிகச் செல்வமிக்க மன்னர்களுள் ஒருவராக அவர் விளங்கினார். கையில் பணம் இருந்த அந்த ஆண்டுகளில்தான் அவருடைய பெருங்கனவுகள் பலவும் பிறந்தன.

அந்தக் கனவுகளில் மிகவும் விலை கூடியது ஜெர்மனிப் போர். புனித உரோமைப் பேரரசின் கத்தோலிக்கத் தரப்பை எதிர்த்து நடந்த முப்பதாண்டுப் போரில் சீர்திருத்தச் சபை அரசுகளுக்குத் தலைமை தாங்க வேண்டும், வட ஜெர்மனியின் மறைமாவட்டங்களைத் தம் மகன்களுக்குப் பெற்றுத் தர வேண்டும், சுவீடன் மன்னர் குஸ்தாவ் அடால்ஃப் முந்திக்கொள்ளக் கூடாது என மூன்று எண்ணங்கள் அவரை உந்தின. அரசவை மறுத்தது. அவரோ 1625இல் டென்மார்க்கின் மன்னராக இல்லாமல், ஹோல்ஸ்டைன் பகுதியின் கோமகன் என்ற தம் மற்றொரு தகுதியில் போரில் இறங்கினார். தொடக்கத்திலேயே ஹாமெல்ன் நகரின் மதிலிலிருந்து குதிரையோடு விழுந்து, நினைவிழந்து கிடந்தார். படையில் இருந்த சகுனம் பார்ப்பவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 1626 ஆகஸ்டு 27 அன்று லுட்டர் என்னுமிடத்தில் கத்தோலிக்கத் தரப்பின் தளபதி டில்லி அவருடைய படையைச் சிதறடித்தார். அடுத்த ஆண்டே பேரரசின் படைகள் யூட்லாந்து தீபகற்பம் முழுவதையும் பிடித்துக்கொண்டன. எதிரியிடம் கப்பற்படை இல்லாததால் மட்டுமே தீவுகள் தப்பின. 1629இல் லூபெக்கில் ஏற்பட்ட உடன்படிக்கையில் நிலம் முழுவதும் திரும்பக் கிடைத்தது. ஆனால் பணப்பெட்டி காலியாகிவிட்டது.

காலியான பெட்டியை நிரப்ப அவர் அதே சுங்கத்தை உயர்த்தினார். ஓரெசுண்டைக் கடந்த கப்பல்களில் மிகுதியானவை டச்சுக்காரர்களுடையவை. எனவே 1643 டிசம்பரில் சுவீடன் தளபதி டோர்ஸ்டென்சன் முன்னறிவிப்பின்றித் தெற்கிலிருந்து யூட்லாந்துக்குள் நுழைந்தபோது, கடலில் டச்சுக்காரர்கள் சுவீடனின் பக்கம் சாய்ந்தனர். பாடலில் வரும் காட்சி அந்தப் போருக்கு உரியது. 1644 ஜூலை 1 அன்று கோல்பெர்கர் ஹைடே என்னும் கடற்பகுதியில், 67 வயது மன்னர் ‘டிரெஃபோல்டிகெட்’ என்னும் கப்பலின் மேல்தளத்தில் நின்றிருந்தபோது, குண்டு வெடித்துச் சிதறிய துண்டுகள் அவருடைய முகத்தில் பாய்ந்தன. வலக்கண்ணின் பார்வை போயிற்று. இரத்தத்தோடு எழுந்து நின்று அவர் போரை நடத்தினார் என்பதே அந்தப் புகழின் கரு. அன்று அணிந்திருந்த இரத்தக்கறை படிந்த உடை ரோசன்போர்க் மாளிகையில் இன்றும் காட்சிக்கு உள்ளது.

பாடல் சொல்லாத பின்கதையும் உண்டு. அந்தச் சண்டை எந்தத் தீர்வையும் தரவில்லை. கீல் குடாவில் அடைபட்டுக் கிடந்த சுவீடன் கப்பற்படை, சில வாரங்களில் இரவோடிரவாக நழுவிச் சென்றுவிட்டது. காவலில் இருந்த முதிய கடற்படைத் தலைவர் பேடர் கால்ட்டுக்கு அதற்காக மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அக்டோபரில் ஃபெமர்ன் தீவருகே டென்மார்க்கின் கப்பற்படை பெருமளவில் அழிந்தது. 1645இல் பிரெம்செப்ரோ உடன்படிக்கை வந்தபோது, சுவீடன் கப்பல்களுக்குச் சுங்க விலக்கு, டச்சுக்காரர்களுக்குக் குறைந்த சுங்கம் என்று பணப்பெட்டியின் அடியே பெயர்க்கப்பட்டது.

வடதிசை:

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒஸ்லோவில் வசிப்பவள். இங்கிருந்து பார்க்கும்போது இந்த மன்னரின் உருவம் சற்று வேறுபட்டே தெரிகிறது. ஏனெனில் அவர் நோர்வேயின் மன்னரும்கூட. அக்காலத்தில் நோர்வே டென்மார்க்கோடு இணைந்திருந்தது. கொப்பன்ஹேகனை விட்டு இங்கு அதிகம் வராத மன்னர்களையே கண்ட நோர்வேக்கு, மீண்டும் மீண்டும் நேரில் வந்துபோன மன்னர் இவர். 1599இல் தாமே கப்பலேறி, நாட்டின் வடகோடியைச் சுற்றி, வார்தோ கோட்டையையும் கடந்து சென்றார். பழைய நோர்வேச் சட்டங்களை மக்கள் அறிந்த மொழிக்குக் கொண்டுவந்து 1604இல் வெளியிட்டார்.

1624 ஆகஸ்டில் ஒஸ்லோ தீயில் எரிந்தபோது, அதே இடத்தில் வீடு கட்டக்கூடாது என்று ஆணையிட்டு, நகரத்தையே குடாவின் மறுபுறம், அகெர்ஸ்ஹுஸ் கோட்டையின் அடிக்குப் பெயர்த்தார். நேரான தெருக்களை வகுத்து, மர வீடுகளுக்குப் பதிலாகக் கல்லாலும் செங்கல்லாலும் கட்டும்படி விதித்து, தம் பெயரையே சூட்டிக் ‘கிறிஸ்தியானியா’ என்று அழைக்கச் செய்தார். முந்நூறு ஆண்டுகள் அந்தப் பெயர் நீடித்து, 1925இல்தான் ஒஸ்லோ என்ற பழைய பெயர் திரும்பியது. அவர் அமைத்த அந்த நகரின் சதுக்கத்தில், ‘நகரம் இங்கேதான் அமையும்’ என்று மன்னர் சுட்டிக்காட்டியதாகச் சொல்லப்படும் கையை நினைவூட்டி, விரல் நீட்டிய பெரிய கையுறைச் சிற்பம் ஒன்று இருக்கிறது. என் பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது அந்த விரலைப் பிடித்துத் தொங்காமல் வீடு திரும்பியதே இல்லை. வெள்ளி கிடைத்த இடத்தில் கொங்ஸ்பெர்க், தென்கரையில் 1641இல் கிறிஸ்தியான்சாண்ட் என்று, அவர் அமைத்த வேறு நகரங்களும் நிலைத்து நிற்கின்றன.

ஆனால் ஏடுபுரட்டி ஐயா, உங்கள் பதிவில் இரண்டு கணக்குகள் விடுபட்டுவிட்டன. பிரெம்செப்ரோவில் சுவீடனுக்குக் கொடுக்கப்பட்ட நிலங்களுள் யெம்ட்லாந்து, ஹெர்யடாலன் ஆகிய இரண்டும் நோர்வேக்கு உரியவை. கோட்லாந்து, ஓசெல் தீவுகளும், முப்பது ஆண்டுகளுக்குப் பிணையாக ஹால்லாந்தும் டென்மார்க்கின் பக்கத்திலிருந்து போயின என்பது உண்மையே. ஆயினும் சுங்கத்துக்காக மூண்ட சண்டைக்கு, சுங்கத்தில் ஒரு காசும் காணாத மலைநாட்டு மக்கள் தங்கள் மண்ணைக் கொடுக்க நேர்ந்தது.

மற்றையது சூனிய வழக்குகள். 1617இல் இவர் வெளியிட்ட ஆணை, சூனியக்காரர் என்று முடிவானவர்களை உயிரோடு எரிக்க வழிசெய்தது. டென்மார்க்கிலும் நோர்வேயிலும் அதன்பின் வழக்குகள் பெருகின. வார்தோவில், பதினேழாம் நூற்றாண்டுச் சூனிய வழக்குகளில் கொல்லப்பட்ட 91 பேருக்கு 2011இல் நினைவிடம் எழுப்பப்பட்டுள்ளது. ஒவ்வொருவருக்கும் ஒரு சன்னலும் ஒரு விளக்கும், குற்றச்சாட்டின் வாசகமும் அங்கே இருக்கின்றன. நான் அங்கே சென்ற நாளில் கடற்காற்று நிற்கவே விடவில்லை. நகரங்களைக் கட்டியவர் என்று புகழும்போது இந்த ஆணையிலும் அவருடைய பெயரே இருப்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அலைவாய்க்கரையான்:

இருவருக்கும் மிக்க நன்றி. வடதிசை அம்மையார் சொன்ன வார்தோ நினைவிடம் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை. இன்னும் ஒன்றைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். தரங்கம்பாடி முயற்சியால் அவருக்கு ஏதேனும் வருவாய் கிடைத்ததா? மணிமுடி அடகு போன செய்தி உண்மைதானா?

கலங்கரை:

தரங்கம்பாடி பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். டச்சுக்காரர்களும் ஆங்கிலேயரும் கிழக்கில் ஈட்டுவதைப் பார்த்து, 1616இல் டென்மார்க்கிலும் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மன்னர் உரிமம் அளித்தார். நாட்டு வணிகர்களிடம் போதிய முதல் சேரவில்லை. மன்னரே பங்கு வாங்கியும், பிறரை வாங்கச் சொல்லி நெருக்கியும்தான் அது நகர்ந்தது.

முதல் பயணத்தின் இலக்கு தரங்கம்பாடி அன்று, இலங்கை என்பதைப் பலர் அறிவதில்லை. கண்டி மன்னர் செனரதனின் தூதர் என்று சொல்லிக்கொண்டு மார்செலிஸ் போஷவர் என்ற டச்சுக்காரர் கோப்பன்ஹேகனுக்கு வந்து, போர்த்துக்கீசியரை விரட்ட உதவினால் வணிக உரிமை கிடைக்கும் என்று வாக்களித்தார். அதை நம்பி, ஓவே யெட்டே என்னும் இருபத்து மூன்று வயது இளைஞரின் தலைமையில் 1618 இறுதியில் கப்பல்கள் புறப்பட்டன. வழியிலேயே போஷவர் இறந்துபோனார். நோயால் மாண்ட கடலோடிகள் ஏராளம். 1620இல் இலங்கையை அடைந்தபோது, அப்படியொரு வாக்குறுதி தரும் அதிகாரத்தைத் தாம் எவருக்கும் அளிக்கவில்லை என்று கண்டி மன்னர் சொல்லிவிட்டார். திருகோணமலையில் காலூன்றப் பார்த்த முயற்சியும் நிலைக்கவில்லை.

அவர்களைக் காப்பாற்றியது தஞ்சை. முன்னதாக அனுப்பப்பட்டிருந்த ரோலண்டு கிராப்பேயின் கப்பலைக் காரைக்கால் கடற்கரையருகே போர்த்துக்கீசியர் அழித்தனர். உயிர் தப்பிய கிராப்பே தஞ்சை அரசவையை அடைந்தார். போர்த்துக்கீசியரை மட்டுமே நம்பியிருக்க விரும்பாத இரகுநாத நாயக்கர், 1620 நவம்பரில் டென்மார்க்கினரோடு உடன்படிக்கை செய்துகொண்டு தரங்கம்பாடியை அளித்தார். நாயக்கர் கிறிஸ்டியனுக்குப் பொன்னேட்டில் தமிழில் எழுதி அனுப்பிய மடல், டென்மார்க்கின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

வருவாய் என்று பார்த்தால் ஏமாற்றமே. கப்பல்கள் அடிக்கடி மூழ்கின, கடன் ஏறியது. ஜெர்மனிப் போருக்குப் பிறகு மன்னரிடம் அனுப்பக் கப்பலும் இல்லை, பணமும் இல்லை. 1640களிலிருந்து 1669வரை தாயகத்திலிருந்து ஒரு கப்பல்கூட வராத நிலையில், கோட்டையில் இருந்தவர்கள் வங்கக் கடலில் முகலாயர் பக்கத்துக் கப்பல்களைப் பிடித்துப் பிழைத்தனர். இதே மன்னர் 1619இல் யென்ஸ் முங்க் என்பவரை, வட அமெரிக்காவுக்கு மேலே பனிக்கடல் வழியாக ஆசியாவுக்குப் பாதை தேட அனுப்பினார். இரண்டு கப்பல்களில் சென்ற அறுபதுக்கும் மேற்பட்டோர் ஹட்சன் விரிகுடாவில் குளிர்காலத்தைக் கழித்தனர். வசந்தத்தில் எஞ்சியவர்கள் முங்க்கோடு சேர்த்து மூவர். அந்த மூவரே ஒரு கப்பலைச் செலுத்திக்கொண்டு நோர்வே வந்து சேர்ந்தனர்.

ஏடுபுரட்டி:

வடதிசை அம்மையாரின் திருத்தத்தை ஏற்கிறேன். நிலக்கணக்கை நான் ஒரு வாக்கியத்தில் தாண்டிச் சென்றது பிழைதான்.

புகழ் பற்றிய கேள்வி இன்னும் முழுமையாகத் தீரவில்லை. என் கருத்து இது: போரில் போன பணத்துக்கு அடையாளம் எஞ்சவில்லை; கட்டடத்தில் போன பணம் கண்ணெதிரே நிற்கிறது. கோப்பன்ஹேகனில் கடற்படையினரின் குடும்பங்களுக்காக 1631முதல் எழுந்த நியூபோடர் வரிசை வீடுகள், படிகளுக்குப் பதிலாகச் சுழன்றேறும் சரிவுப் பாதையோடு 1642இல் முடிந்த வட்டக் கோபுரம், பாம்பைப் போல முறுக்கிய நான்கு டிராகன் வால்களைக் கூம்பாகக் கொண்ட வணிகர் மாளிகை ஆகியவை ஊராரின் அன்றாடப் பார்வையில் இருப்பவை. அந்தக் கூம்பு 2024 ஏப்ரல் 16 அன்று தீப்பிடித்துச் சரிந்தபோது, தெருவில் போனவர்கள்கூட உள்ளே ஓடி ஓவியங்களைத் தூக்கி வந்தார்கள். இவற்றோடு, மன்னர் தம் கைப்பட எழுதிய ஏறத்தாழ மூவாயிரம் கடிதங்கள் எஞ்சியிருக்கின்றன. கப்பல் பலகை, வேலையாள் கூலி, சமையலறைச் செலவு என்று அவற்றில் அவர் தலையிடாத சங்கதி இல்லை. வேறு எந்தப் பழைய மன்னரையும் டென்மார்க் மக்கள் இத்தனை அருகிலிருந்து அறிந்ததில்லை.

வீட்டு வாழ்வும் அந்தக் கடிதங்களில்தான் கொட்டிக் கிடக்கிறது. அரசி அன்னா கத்தரினா 1612இல் இறந்தபின், கிர்ஸ்டன் முங்க் என்ற உயர்குடிப் பெண்ணை, அரசி என்ற தகுதி இல்லாமல் மணந்தார். அவள் வேறொருவரை விரும்பினாள் என்று சினந்து பிரிந்தபின், அவளைப் பற்றி அரசவைக்கு அவர் எழுதிய குற்றச்சாட்டுகள் படிக்கவே கூச்சம் தருபவை. அவளுடைய மகள்களை மணந்த மருமகன்கள் பிற்காலத்தில் அரசவையில் வலுப்பெற்று, முதுமையில் அவரையே எதிர்த்து நின்றனர். 1647இல் பட்டத்து இளவரசர் இறந்தார். அடுத்த குளிர்காலத்தில், தாம் பிறந்த இடமான பிரெடெரிக்ஸ்போர்க்கிலிருந்து பனிச்சறுக்கு வண்டியில் தம்மை ரோசன்போர்க்குக் கொண்டுசெல்லச் சொன்னார். 1648 பிப்ரவரி 28 அன்று அங்கே உயிர் நீத்தார்.

மணிமுடி அடகு போனது உண்மையே. ஹாம்பர்க் வணிகர்களிடம் இருந்தது. 1596இல் அவர் முடிசூடுவதற்காகவே பொன்னாலும் முத்தாலும் செய்யப்பட்ட முடி அது. மகன் மூன்றாம் பிரெடெரிக் முடிசூடுவதற்காக அதை மீட்டார்கள். அவருக்குப் பிறகு வேறு வடிவில் புதிய முடி செய்யப்பட்டதால், இதை எவரும் சூடவில்லை. இப்போது ரோசன்போர்க்கின் நிலவறைக் கருவூலத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது.